படங்குக் கணக்கு

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ அழாத குறையாகச் சொன்னதையே ராத்திரி யோசித்துக்கொண்டு கிடந்தேன். ஒவ்வொரு சேர்வருக்கும் எத்தனை பேர் வந்தார்கள் என்று, வருகை பதிவாகும் அந்த லொக்கில் ஸ்ப்ளங்க் என்கிற தேடல் மென்பொருளால் தேடி எடுத்து, எல்லாவற்றையும் கூட்டிக் கொடுத்துவிட்டாய். மொத்தம் எகிறிவிட்டது.

அப்பாவும் இதைச் செய்தவன்தான். பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த காலம். மழைக்கு முதல், கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு நனையாமல் கட்டிக்கொள்ளும் படங்கு கேட்டு எழுத வேண்டும். நிறுவைக் கொப்பியில் ஒருத்திக்கு ஒரு நாளில் மூன்று வரி விழும். வரியை எண்ணினால் ஆள் கணக்கு வராது என்பது அப்போதே தெரியும். அதனால் ஆளைத்தான் எண்ணினேன். மூன்றாம் நம்பர் மலையில் 31 பேர், ஐந்தாம் நம்பரில் 28 பேர். 59 படங்கு என்று எழுதிவிட்டேன். தோட்டத்துத் தொரை, ஆள் பெயர்ப் பதிவான செக்ரோலைப் பிரித்தார், 46 பேர்தான். காலையில் மூன்றில் ஆய்ந்துவிட்டு, பகல் நிறுவைக்குப் பிறகு ஐந்துக்கு ஏறியவர்கள் 13 பேர். இரண்டு மலைக் கணக்கும் சரி, கூட்டினதுதான் பிழை. அன்றைக்கு வாங்கின ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது.

தீபாவளிக்கு வந்தபோது என் கொப்பியில் எழுதிக் காட்டினாயே, 'ஸ்டேட்ஸ் டிசி யூசர் பை ஹோஸ்ட்' என்று. டிசி என்றால் வெவ்வேறு ஆளை எண்ணுவது, 'பை ஹோஸ்ட்' என்றால் சேர்வர் வாரியாக. மொத்தம் வேண்டுமென்றால் அந்த 'பை ஹோஸ்ட்'டை எடுத்துவிட்டு முழு லொக்கிலும் திரும்பக் கேள். கிழமைக் கணக்கும் அப்படித்தான், ஏழு நாளைக் கூட்டாதே.

அப்புறம், பெயர். எங்கள் டிவிஷனில் மூன்று செல்லம்மா. செக்ரோல் நம்பரை எண்ணாவிட்டால் மூவரும் ஒருத்தியாகிவிடுவார்கள். உன் ஸ்ப்ளங்கில் மறுபக்கம்: ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் குமாரையும் சின்ன எழுத்துக் குமாரையும் அது இரண்டு ஆளாக எண்ணும். முதலில் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கு.

எலாஸ்டிக்சர்ச் என்கிற மற்றத் தேடல் மென்பொருள் ஒவ்வொன்றாக எண்ணாமல், ஹைப்பர்லொக்லொக் முறையில் மதிப்பிட்டுச் சொல்லும் என்றாயே, அதுதான் எனக்குச் செரிக்கவில்லை. கோடிக்கணக்கில் இருந்தால் நினைவகம் தாங்காதாம். சரி, கூட்டம் எவ்வளவு என்று பார்க்க அது போதும். காசு கட்டுகிற கணக்குக்கு வேண்டாம். ஸ்ப்ளங்கின் டிசி நேராக எண்ணுகிறது, எஸ்ட்டிசிதான் மதிப்பீடு என்று நீயே எழுதி வைத்திருக்கிறாய்.

அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. அடுத்த போயா லீவுக்கு வந்தால், இரண்டு மலையிலும் நின்ற அந்த 13 பேரை மட்டும் தனியே எப்படிக் கேட்பது என்று போட்டுக் காட்டு.

அப்பா