டூர்னிக்கே ஏறுமுன் அந்த ஒரு கிராம்: மூட்டு மாற்று அறுவைப் பிரிவினருக்குத் திறந்த மடல்

சிங்கப்பூர் மருத்துவமனைகளின் எலும்பு மூட்டு, மயக்க மருந்து, மருந்தகப் பிரிவினருக்கு வணக்கம்.

முழங்கால், இடுப்பு மூட்டு மாற்றில் டிரானெக்ஸாமிக் அமிலம் ரத்தம் ஏற்றும் தேவையைக் குறைக்கிறது என்பதில் இன்று வாதம் இல்லை. எங்கள் கவலை, அது எப்போது, எந்த வழியாக உடலுக்குள் போகிறது என்பதுதான்.

இந்த மருந்து ரத்தத்தைப் புதிதாக உறைய வைப்பதில்லை. உறைந்தது கரையாமல் காக்கிறது, அவ்வளவே. கரைப்பு தொடங்குமுன்பே ரத்தத்தில் இருந்தால்தான் முழுப் பலன். தொடையில் டூர்னிக்கே (ரத்த ஓட்டத்தை நிறுத்தக் கட்டும் காற்றுப் பட்டை) ஏறிய பிறகு ஊசி போட்டால் மருந்து காலுக்குள் போகாது. கட்டைத் தளர்த்தியதும் கரைப்போ வேகமெடுக்கும். கீறலுக்கு முன் எல்லாரும் நின்று சரிபார்க்கும் டைம் அவுட்டில் கேட்டுக்கொள்ளலாம் என்பது தாமதம், அதற்குள் டூர்னிக்கே ஏறியிருக்கக்கூடும். டூர்னிக்கே இயந்திரத்தின் பொத்தானை அழுத்துபவரே "டிரானெக்ஸாமிக் போயிற்றா?" என்று கேட்கட்டும்.

வழக்கமான அளவு 1 கிராம், அல்லது எடையில் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிகிராம். பத்து நிமிடமாவது எடுத்து ரத்தநாளத்தில் ஏற்றுங்கள். அவசரப்பட்டால் ரத்த அழுத்தம் சரியும். மருந்தின் பாதி சுமார் 2 மணி நேரத்தில் வெளியேறிவிடுவதால், சுமார் 3 மணி நேரம் கழித்து இரண்டாவது வேளை தருவது உண்டு. மூட்டுக்குள்ளும் ஊற்றுவதானால், கடைசியாகக் கழுவிய பின், தையலுக்கு முன், 1 முதல் 2 கிராமை உப்புநீரில் கலந்து ஊற்றலாம். பிரிட்டனின் சிகிச்சை வழிகாட்டு அமைப்பான நைஸின் வழிகாட்டுதல்படி இரண்டு வழியும் சேர்ந்து 3 கிராமைத் தாண்டக்கூடாது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இப்படிச் சேர்த்துத் தருவதில்லை.

சிறுநீரகத்தை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மருந்தில் 95 விழுக்காட்டுக்கு மேல் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. நீரிழிவு மலிந்த நம் ஊரில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே அளவு தருவது சரியல்ல. தேங்கினால் வலிப்பு வரலாம்.

இதைவிட மோசமானது குப்பி மாறுவது. முதுகுத்தண்டில் போடும் மரப்பு மருந்தான பியூபிவக்கேனும் இதுவும் நிறமற்ற சிறு குப்பிகள். மாறி முதுகுக்குள் போனால் கடும் வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு. பதிவானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் இதை எச்சரித்தது. 'கவனமாக இருங்கள்' என்ற சுற்றறிக்கை மட்டும் போதாது. முதுகு ஊசிக்கான ஸ்பைனல் வண்டியில் இந்தக் குப்பியே இருக்கக்கூடாது. 100 மில்லி உப்புநீர்ப் பையில் 1 கிராம் கலந்து, பெயரொட்டியுடன் மருந்தகமே அனுப்பட்டும். வேறெங்கு வைத்தாலும் மூடி மட்டும் தெரியும்படி அடுக்காதீர்கள்.

இதய ரத்தநாளத்தில் ஸ்டென்ட் வைத்தவர் என்றதும், ரத்தம் கட்டிவிடுமோ என்று இந்த மருந்தை மறுப்பதையும் மறுபரிசீலனை செய்யுங்கள். இதயமல்லாத அறுவை செய்துகொண்ட 9,535 பேரிடம் நடந்த பாய்ஸ்-3 ஆய்வில் (2022) இதய, ரத்தநாளச் சிக்கல்கள் மருந்து பெற்றவர்களில் 14.2 விழுக்காடு, பெறாதவர்களில் 13.9. கூடுதல் ஆபத்தே இல்லை என்று நிறுவ அது போதவில்லைதான். ஆனாலும் ஆளுக்கு ஆள் எடைபோட்டு முடிவெடுக்க இடம் தருகிறது. இப்போது காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி இருப்பவருக்குத் தரவே வேண்டாம். டிரானெக்ஸாமிக் தந்தோம் என்பதற்காக, அறுவைக்குப் பின் ரத்தம் கட்டாமல் தடுக்கும் மருந்தை வார்டில் நிறுத்தவும் வேண்டாம்.