பாக்கெட்டின் மூலையில் இருக்கும் அந்தச் சின்ன எண்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். ஆறாம் வகுப்பில் ஓரலகு முறை நடத்தும்போது, 'ஒரு டஜன் பேனா 60 ரூபாய், 5 பேனா என்ன விலை?' என்று போர்டில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் டக்கென்று 25 என்று சொல்லிவிடுவார்கள். அதே பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால், 140 ரூபாய் எண்ணெய் பாக்கெட்டை விட்டுவிட்டு 130 ரூபாய் பாக்கெட்டை எடுத்து வருகிறது. முதலாவதில் 1 லிட்டர், இரண்டாவதில் 850 மில்லிதான் என்பது கண்ணில் படுவதில்லை. 100 மில்லிக்குக் கணக்குப் போட்டால் ஒன்று 14 ரூபாய், இன்னொன்று 15 ரூபாய் 30 காசு. பாடத்தில் படித்த அதே வகுத்தல்தான். கடையில் அது ஞாபகத்துக்கு வராமல் போவதுதான் என் கவலை.

அதனால் இந்த வருஷம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வீட்டிலிருந்து காலி பாக்கெட்டுகளைக் கழுவிக் கொண்டுவரச் சொன்னேன். அப்போதுதான் இந்தக் கடிதத்துக்கான விஷயம் கிடைத்தது: பாக்கெட்டில் அச்சிடும் ஓரலகு விலை, அதாவது ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று சொல்லும் சின்ன எண்.

பொதியப்பட்ட பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளில் எண்ணெய், மாவு, உப்பு, பிஸ்கட், டீத்தூள் எல்லாம் இன்ன இன்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று ஒரு பட்டியல் இருந்தது. 2021-இல் திருத்தம் கொண்டுவந்து அந்தப் பட்டியலை எடுத்துவிட்டார்கள். 850, 870 என்று வாய்க்கு வராத அளவுகளில் பாக்கெட் போட இப்போது தடை இல்லை. அதற்கு ஈடாக, எம்.ஆர்.பி.யோடு ஓரலகு விலையையும் அச்சிட வேண்டும் என்று விதித்தார்கள். 2022-இல் இது நடைமுறைக்கு வந்தது. நல்ல விதி. ஆனால் ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கு என்ன விலை என்றும், ஒரு கிலோவுக்கு மேற்பட்டதில் கிலோவுக்கு என்ன விலை என்றும் போட வேண்டுமாம்.

எங்கள் வகுப்பில் ஒரு பெண் இரண்டு கோதுமை மாவு பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தாள். 34 ரூபாய்க்கு வாங்கிய அரை கிலோ பாக்கெட்டில் 'கிராமுக்கு ₹0.07' என்று இருந்தது. 285 ரூபாய்க்கு வாங்கிய 5 கிலோ பாக்கெட்டில் 'கிலோவுக்கு ₹57'. "சின்ன பாக்கெட்தான் டீச்சர் மலிவு, 0.07 தானே?" என்றாள். பாதி வகுப்பு ஆமாம் என்றது. 0.07-ஐ ஆயிரத்தால் பெருக்கச் சொன்னேன். 70 வந்தது. சத்தம் அடங்கிவிட்டது. அப்புறம் பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "34-ஐ ரெண்டால பெருக்கினா 68 தானே டீச்சர் வருது? ரெண்டு ரூபா எங்கிருந்து வந்துச்சு?" என்றான். அன்று அதைவிட நல்ல கேள்வி வரவில்லை. பத்து வருஷமாகத் தோராயமாக்கல் பாடம் எடுக்கிறேன், அது எதற்கு என்று ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்தது அன்றுதான்.

ஓரலகு விலையை இரண்டு தசம இடத்துக்குத் தோராயமாக்கிப் போடுகிறார்கள். மாவு பாக்கெட்டில் 0.068 தான் 0.07 ஆகியிருக்கிறது. கிராமுக்கு ஒரு காசு என்றால் கிலோவுக்குப் பத்து ரூபாய். உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அரை கிலோ 13 ரூபாய்க்கும் விற்கலாம், 17 ரூபாய்க்கும் விற்கலாம். இரண்டு பாக்கெட்டிலும் 'கிராமுக்கு ₹0.03' என்றுதான் வரும். கிலோவுக்கு 26 ரூபாய், 34 ரூபாய் என்ற வித்தியாசம் அதில் காணாமல் போய்விடுகிறது.

அதனால் அச்சிட்ட எண்ணை நம்பாமல், எல்லாவற்றையும் 100 கிராமுக்கு அல்லது 100 மில்லிக்கு மாற்றிப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறேன். விலையை அளவால் வகு, நூறால் பெருக்கு, அவ்வளவுதான். சிலர் தலைகீழாக அளவை விலையால் வகுத்துவிடுவார்கள். அதைத் தப்பு என்று அடித்துவிட வேண்டாம் என்று சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அது 'ஒரு ரூபாய்க்கு எத்தனை கிராம்' என்ற கணக்கு. ரூபாய்க்கு எத்தனை கிராம் என்பதில் அதிகமாக வந்தால் லாபம், 100 கிராமுக்கு என்ன விலை என்பதில் குறைவாக வந்தால் லாபம், இதைப் புரிய வைத்தால் போதும்.

பெரிதாக வாங்கினால்தான் மலிவு என்ற நினைப்பும் வகுப்பில் உடைந்தது. 2 ரூபாய் ஷாம்பு சாஷேயில் 6 மில்லி, அதாவது மில்லிக்கு 33 காசு. அதே ஷாம்பு 180 மில்லி பாட்டில் 126 ரூபாய், மில்லிக்கு 70 காசு. பிள்ளைகள் மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்கள்.

எண்ணெயில் அப்படி இல்லை. "எங்க வீட்ல தெனம் பத்து ரூபா பாக்கெட்தான் வாங்குவாங்க டீச்சர், ஒரு லிட்டருக்குக் காசு இருக்காது" என்று ஒருவன் சொன்னபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர்கள் வாங்கும் பாக்கெட்டில் 50 மில்லி. லிட்டருக்கு 200 ரூபாய் ஆகிறது. 140 ரூபாய் பாக்கெட் வாங்கினால் 20 நாளைக்கு வரும், 60 ரூபாய் மிச்சம். "ஒரு நாளைக்கு மூணு ரூபா" என்று அவனே வகுத்துச் சொன்னான். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் 140 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கணக்கு அந்தக் கஷ்டத்தைத் தீர்க்காது. ஆனால் அந்த மூன்று ரூபாய் எங்கே போகிறது என்று அந்த வீட்டுக்குத் தெரிய வேண்டாமா?

உழவர் சந்தைப் பலகையில் பெரும்பாலான காய்களுக்குக் கிலோ விலைதான் எழுதுகிறார்கள். யாருக்கும் குழப்பம் இல்லை. பாக்கெட்டுகளிலும் எந்த எடையாக இருந்தாலும் கிலோவுக்கு, லிட்டருக்கு என்று ஒரே மாதிரி, கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிட மத்திய நுகர்வோர் விவகாரத் துறை விதியைத் திருத்த வேண்டும். உங்கள் இதழ் இதை எடுத்து எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

பெற்றோர்களிடம் கேட்பது ஒன்றுதான். பிள்ளையைக் கடைக்கு அனுப்பும்போது அவசரப்படுத்தாதீர்கள். இரண்டு பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க இரண்டு நிமிஷம் கொடுங்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை,
அரசு நடுநிலைப் பள்ளி,
விழுப்புரம் மாவட்டம்.