அந்தப் பழைய தோலுக்கு எண்ணெய் தடவாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய ராணுவ விமானிகளின் தோல் ஜாக்கெட்டுகளைச் சேகரிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். தமிழில் இதையெல்லாம் எழுத ஆள் இருப்பதே பெரிய சந்தோஷம். ஆனால் கடைசிப் பத்தியில், வாங்கியதும் நன்றாக எண்ணெய் தடவி, நைந்துபோன கைப்பட்டியை எடுத்துவிட்டு, ஜிப்பையும் மாற்றினால் புத்தம் புதிதாகிவிடும் என்று போட்டிருக்கிறீர்களே, அதைப் படித்துப் பதறிப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

ஏ-2 ஜாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு அதை 1931-ல் ஏற்றுக்கொண்டது, 1943-ல் அதன் தலைமைத் தளபதி ஜெனரல் ஆர்னால்ட் தோல் ஜாக்கெட் இனி வேண்டாம், துணியில் தைக்கலாம் என்று நிறுத்திவிட்டார். பெரும்பாலும் குதிரைத்தோல், சிலது ஆட்டுத்தோல். கழுத்துக்குக் கீழே உள்பக்கம் ஒரு சின்ன லேபிள் இருக்கும், அதில் ஜாக்கெட்டின் வகை, வடிவமைப்பு வரைபட எண் 30-1415, ஆர்டர் எண், தைத்த கம்பெனியின் பெயர் எல்லாம் இருக்கும். ஏரோ லெதர், ரஃப் வேர், டுபோ என்று பல கம்பெனிகள் தைத்தன, காலர் வெட்டும் பாக்கெட் மூடியும் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஜிப் எந்தக் கம்பெனியுடையது, டாலனா, கிரவுனா, அந்த ஆர்டருக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் அசல் எது, போலி எது என்று சொல்கிறார்கள். அதைப் பிடுங்கிப் புதிதாக ஒன்று தைத்துவிட்டால் அப்புறம் எதை வைத்துச் சொல்வது? இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே மாற்றிய ஜிப் என்றால் சரி, அதுவும் அந்த ஜாக்கெட்டின் வரலாறுதான்.

எண்ணெய் விஷயம் இதைவிட மோசம். உள்ளே இறங்கிய எண்ணெயைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது. தோல் கறுக்கும், லைனிங் கறைபடும், முதுகில் ஓவியம் இருந்தால் பெயிண்ட் பிடிப்பு விட்டு உரியும். தோல் ஏற்கெனவே செந்தூளாக உதிர ஆரம்பித்திருந்தால் எந்த எண்ணெயும் அதைச் சரியாக்காது.

முதுகு ஓவியம் என்றேன் அல்லவா, அதுதான் உயிர். பிரிட்டனில் இருந்து பறந்த அமெரிக்காவின் 8-வது விமானப்படையின் குண்டுவீச்சு விமானக் குழுவினர் தங்கள் விமானத்தின் பெயரையும், போய்வந்த ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு குட்டிக் குண்டையும் வரைந்துகொண்டார்கள். ஆரம்பத்தில் 25 முறை போய் உயிரோடு திரும்பினால் வீட்டுக்குப் போகலாம் என்பது கணக்கு. நான் பார்த்த ஒரு ஜாக்கெட்டில் முதல் இரண்டு வரிசைக் குண்டுகள் அச்சடித்த மாதிரி நேராக இருந்தன, மூன்றாவது வரிசை வேறு மஞ்சளில், வேறு கையால், கோணலாகப் போட்டிருந்தது. அதை யாராவது 'டச் அப்' செய்திருந்தால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது. இடது மார்பில் பெயர்ப்பட்டை போயிருந்தாலும் கவலை வேண்டாம், அந்த இடத்தில் தோல் கொஞ்சம் அடர்த்தியான நிறத்தில் இருக்கும், தையல் ஓட்டைகளும் இருக்கும். பெயர் கிடைத்துவிட்டால் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் காணாமல்போன விமானக் குழு அறிக்கைகள் வரை தேடிப் போகலாம்.

இதற்கு மாறாகச் சிலர் பேட்சுகளைப் பிரித்துத் தனியாக விற்கிறார்கள். சீனாவில் பறந்த அமெரிக்க விமானிகளின் ஜாக்கெட்டில், 'இவர் உதவ வந்தவர், காப்பாற்றுங்கள்' என்று சீன எழுத்தில் சொல்லும் துணி தைத்திருக்கும். அதைப் பிரித்தால் இரண்டுமே பாதி மதிப்பு இழந்த பொருள்கள்தான், இப்படிச் செய்பவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம். இன்னும் சிலர் ஓவியமே இல்லாத அசல் ஜாக்கெட்டில் புதிதாக ஓவியம் வரைந்து விலையை ஏற்றுகிறார்கள். தோலின் சுருக்கம் வெடித்த இடத்தில் பழைய பெயிண்டும் கூடவே வெடித்திருக்கும், புதிய பெயிண்ட் அந்த வெடிப்புக்குள் இறங்கியிருக்கும். ஒரு லென்ஸ் போதும். புற ஊதா விளக்கில் நூல் பளிச்சென்று மின்னினாலும், அது பிற்காலத்து நூலோ என்று சந்தேகப்படுங்கள்.

பாதுகாப்பது ஒன்றும் கஷ்டமில்லை. அகலமான, பஞ்சு வைத்த ஹேங்கர், வெயில் படாத இடம், ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் உறை மட்டும் வேண்டவே வேண்டாம், பூசணம் பிடிக்கும். கைப்பட்டியும் இடுப்புப்பட்டியும் கம்பளி, ஆகவே அந்துப்பூச்சி இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். போட்டுக்கொண்டு திரிய ஆசையா, ஜப்பானிலும் பிரிட்டனிலும் அச்சு அசலாகப் புதிது தைக்கிறார்கள், அதை வாங்கிக்கொள்ளலாம்.

அந்தக் கட்டுரையை நம்பி யாராவது எண்ணெய் டப்பாவைத் திறப்பதற்குள், அடுத்த இணைப்பிலேயே ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்