டயானா 27 ஏர் ரைஃபிளைப் பழுதுபார்த்ததில் குறைபாடு: புகார் கடிதம்

அனுப்புநர்:
பொள்ளாச்சி வாடிக்கையாளர் (முழு முகவரி தங்கள் ரசீதில் உள்ளது)

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தவறான ஸ்பிரிங் பொருத்தியது, அசல் முத்திரையை அழித்தது, பழைய பாகங்களைத் திருப்பித் தராதது தொடர்பாக.

ஐயா,

என் மாமனார் வால்பாறையில் எஸ்டேட் வேலையில் இருந்தபோது வாங்கிய டயானா 27 ஏர் ரைஃபிளை, தங்கள் இணையதளத்தில் 'முழுச் சீரமைப்பு' என்ற சேவைக்குப் பதிவுசெய்து, கோவைக் கிளையில் நேரில் ஒப்படைத்தேன். மெயின் ஸ்பிரிங், பிஸ்டன் தோல் வாஷர், பேரல் வாய் வாஷர் மூன்றையும் மாற்றி, துரு எடுத்து, புளூயிங் (இரும்புக்குக் கருநீல நிறம் ஏற்றுவது) செய்து தருவதாகப் பேச்சு. ரூ.6,500 முன்பணமாகவே கட்டிவிட்டேன். இந்தத் துப்பாக்கியில் பேரலை மடக்கினால்தான் பிஸ்டன் பின்னுக்குப் போய், ஸ்பிரிங் அமுங்கி, டிரிகரில் மாட்டும். திரும்பி வந்ததிலோ பேரலை மடக்கினால் முக்கால் வாசியில் நின்றுவிடுகிறது. டிரிகர் பிடிப்பதே இல்லை. கூடவே வந்த சீட்டில் 'சுட்டுச் சோதிக்கப்பட்டது' என்று முத்திரை குத்திக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். மடக்கவே முடியாத துப்பாக்கியை எப்படிச் சுட்டீர்கள் என்பதற்கு மட்டும் இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

இங்கே தெரிந்த லேத் பட்டறையில் வைத்து, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போட்டு முறையாகத் திறந்து பார்த்தோம். உள்ளே இருந்த ஸ்பிரிங்கின் கம்பித் தடிப்பு வெர்னியர் அளவுகோலில் 3.3 மில்லிமீட்டர். சுற்றுகள் 36. இரண்டையும் பெருக்கினால் 118.8 மில்லிமீட்டர். ஸ்பிரிங்கை எவ்வளவு நசுக்கினாலும் அதற்குக் கீழே போகாது, சுற்றோடு சுற்று முட்டிவிடும். பிஸ்டனைக் கடைசிவரை பின்னுக்கு இழுத்தால் ஸ்பிரிங்குக்கு மிஞ்சுகிற இடமோ அதைவிட ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறைவு. அப்புறம் டிரிகர் எப்படிப் பிடிக்கும்? இன்னும் பலமாக மடக்கியிருந்தால் பேரலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இழுகோல் வளைந்திருக்கும். இந்தக் கணக்குக்கு ஒரு வெர்னியரும் இரண்டு நிமிடமும் போதும். பூட்டுவதற்கு முன்பே தங்கள் மெக்கானிக் போட்டுப் பார்த்திருக்கலாம்.

தொலைபேசியில் கேட்டபோது அவர் சொன்ன விளக்கம்: "பவர் ஏறட்டும்னு கொஞ்சம் பெரிய ஸ்பிரிங்கா போட்டோம் சார்." பவர் வேண்டும் என்று நான் எழுத்திலும் கேட்கவில்லை, வாயாலும் கேட்கவில்லை. 27 என்பது மென்மையாகச் சுடும் துப்பாக்கி, அது நல்ல பேர் வாங்கியதே அதற்காகத்தான். சிலிண்டர் சிறியது. பிஸ்டன் ஒரு தடவைக்கு எவ்வளவு காற்றைத் தள்ளுமோ அவ்வளவுதான் தள்ளும். ஸ்பிரிங்கைத் தடிப்பாக்கினால் காற்று கூடிவிடாது, பிஸ்டன் போய் மோதுகிற அடிதான் கூடும். இதைக்கூட அறியாதவர்கள் 'பழைய ஏர்கன் நிபுணர்கள்' என்று விளம்பரம் செய்யலாமா?

சிக்கலின் வேர் இன்னொன்று என்று நினைக்கிறேன். தங்கள் இணையதளத்தில் அந்த ஸ்பிரிங்கை 'டயானா 27-க்குப் பொருந்தும், அசல் ஜெர்மன்' என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். கம்பித் தடிப்பு, உள்விட்டம், வெளிவிட்டம், சுற்று எண்ணிக்கை எதுவும் இல்லை. 27 என்று பெயர் போட்டதெல்லாம் ஒரே துப்பாக்கி அல்ல. ஜெர்மனியில் ராஸ்டாட் ஊரில் 1890-இல் தொடங்கிய நிறுவனம் செய்தது ஒன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த ஆலையின் இயந்திரங்களும் டயானா என்ற பெயரும் பிரிட்டனுக்குக் கைமாறி, ஸ்காட்லாந்தில் மில்ப்ரோ நிறுவனம் செய்தது இன்னொன்று. ஜெர்மன்காரர்கள் மறுபடி தொழிலை ஆரம்பித்தபோது, பிரிட்டனில் தம் துப்பாக்கியை 'ஒரிஜினல்' என்ற பெயரில்தான் விற்க வேண்டியிருந்தது. இந்த அச்சைப் பார்த்து நம் நாட்டில் செய்தவை வேறு. வெளியில் பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளளவுகள் ஒன்றல்ல. என்னுடையது போருக்குப் பிந்தைய ஜெர்மன் தயாரிப்பு, பிஸ்டன் தண்டை மூன்று பால்ரஸ் குண்டுகள் கவ்விப் பிடிக்கும் டிரிகர் கொண்டது. அதற்கான படங்களையெல்லாம் தாங்கள் கேட்டபடி முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். அவற்றை யாராவது திறந்து பார்த்தார்களா என்றே தெரியவில்லை.

ஸ்பிரிங் மாற்றக்கூடிய பொருள், அதையாவது விட்டுவிடலாம். முத்திரையை என்ன செய்வது? சிலிண்டரின் மேல் டயானா என்ற வேட்டைத் தேவதை, வில்லையும் அம்பையும் எறிந்துவிட்டு ஏர் ரைஃபிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்கும் சின்னம் இருந்தது. பின்பக்கம் '08 64' என்று சின்ன எழுத்தில், 1964 ஆகஸ்ட் தயாரிப்பு என்பதற்கான அடையாளம். நான் அனுப்பிய படங்களில் இரண்டும் தெளிவாக உள்ளன. இப்போது அந்த இடத்தில் விரலை ஓட்டினால் வழுவழுவென்று இருக்கிறது. சாய்வாக வெளிச்சம் அடித்துப் பார்த்தால் தேவதையின் கையில் பாதியும் '6' என்ற எண்ணின் வளைவும் மட்டும் மங்கலாகத் தெரிகின்றன. மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் கொடுத்து மொத்தமாகத் தேய்த்திருக்கிறார்கள். லேசாக எண்ணெய் தொட்டு, நைசான ஸ்டீல் வூலால் (இரும்பு நார்) முத்திரையைச் சுற்றிக் கையால் துரு எடுப்பதுதான் முறை. பழைய துப்பாக்கி பார்க்கிற எந்தப் பட்டறைக்காரருக்கும் இது தெரியும். பளபளப்புக்கு ஆசைப்பட்டு நான் இதைக் கொடுக்கவில்லை.

பழைய பாகங்கள் அத்தனையும் வேண்டும் என்று ஆர்டர் படிவத்திலேயே எழுதியிருந்தேன். வந்தது வெறும் கவர். அந்தப் பழைய ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தாலும், சரியான அளவுக்குச் சாட்சி அதுதான். அதைப் பார்த்து ஸ்பிரிங் சுற்றுபவரிடம் புதிதாகவே செய்துகொண்டிருப்பேன்.

இத்தனைக்கும் தங்கள் சேவைப் பிரிவின் பதில் ஒரே வரி: "வாடிக்கையாளர் திறந்துவிட்டதால் உத்தரவாதம் செல்லாது." திறப்பதற்கு முன்பே, பேரல் முக்கால் வாசியில் நிற்பதை வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். முத்திரை அழிந்ததற்கும் நான் திறந்ததற்கும் என்ன சம்பந்தம்?

நான் கேட்பது இவை. சேவைக் கட்டணம் ரூ.6,500 முழுவதும் திரும்ப வேண்டும். என் பழைய ஸ்பிரிங், வாஷர்கள் எங்கே இருந்தாலும் தேடி அனுப்ப வேண்டும், குப்பையில் போட்டிருந்தால் அதையாவது எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். முத்திரை அழிந்ததற்குத் தனியாக இழப்பீடு தர வேண்டும். தயவுசெய்து அதே இடத்தில் புது முத்திரை அடித்துத் தருகிறோம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதற்குப் பெயர் போலி. 'அசல் ஜெர்மன்' என்று விற்கும் அந்த ஸ்பிரிங் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதையும் தெரிவியுங்கள். இணையத்தில் விற்பவர் உற்பத்தி நாட்டைக் காட்டியாக வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது.

அதே விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டிய பொறுப்பு தங்களுடையது. தவறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ஆர்டர் படிவம், ரசீது, முன்னும் பின்னும் எடுத்த படங்கள், வீடியோ, தங்கள் 'சோதனை'ச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன். கழற்றிய ஸ்பிரிங் என்னிடமே இருக்கிறது. தங்கள் ஆள் வந்து என் முன்னால் அளந்து பார்க்கலாம், வெர்னியர் இங்கேயே உண்டு.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பொள்ளாச்சி.