முதல் சிங்கிள்

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். மேட்டூர்த் தண்ணீர் வந்து வெட்டாறு கரை தொட்டு ஓடுகிறது. நாற்றங்கால் பச்சை பிடித்துவிட்டது. ஆடிப்பெருக்குக்கு நீ இல்லாதது ஒன்றுதான் குறை.

ஒரு வேலையாகத்தான் இதை எழுதுகிறேன். நம் பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு ஊரைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். கோயிலைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் நம் டவுன் பஸ்ஸைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். "பஸ்ஸைப் பற்றி எழுத என்ன இருக்கு டீச்சர்?" என்று கேட்டார் ஒரு சின்னப் பையன் வாத்தியார். எனக்குச் சுருக்கென்றது. உனக்கும் எனக்கும் டிகிரி வாங்கிக் கொடுத்ததே அந்த பஸ்தானேடி.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு பதின்மூன்று கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு, ஐந்து பாலம். கரந்தை, பள்ளியக்கிரகாரம், அம்மன்பேட்டை, கண்டியூர் என்று கண்டக்டர் கூவுவது இன்னும் காதில் இருக்கிறது. நமக்கு மூன்று பாலம்தான் கணக்கு. கண்டியூர் முக்கத்திலிருந்து டவுனுக்கு மூன்று பாலம் ஏறி இறங்கினால் பழைய பஸ் ஸ்டாண்ட். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும் எந்தப் பாலத்தில் இருக்கிறோம் என்று காற்றை வைத்தே சொல்லிவிடுவாய் நீ.

கட்டுரைக்காகப் பழைய சங்கதிகளைத் தேடினேன். அப்பா சொல்வாரே, கரி பஸ். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும், வண்டியின் பின்னால் ஆளுயர இரும்பு டிரம்மைப் பொருத்தி, அடுப்புக்கரியை எரித்து வரும் வாயுவில் இன்ஜினை ஓட்டியிருக்கிறார்கள். கிளீனர் கைப்பிடியைப் பிடித்துச் சுற்று சுற்று என்று சுற்றி நெருப்பை ஊதிக் கிளப்ப வேண்டும். சமதளத்தில் எப்படியோ ஓடிவிடும். பாலத்தின் ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கும். ஆண்கள் இறங்கித் தள்ளுவார்களாம். அப்பாவின் வெள்ளை வேட்டி ஒரு தடவை கரியாகி, கல்யாண வீட்டுக்குப் போகாமலே திரும்பி வந்தார் என்று அம்மா சொல்வாள்.

1939-இல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தபின் பர்மிட் இல்லாமல் எந்த ரூட்டிலும் ஓட்ட முடியாது. பர்மிட் கிடைத்தவர் அந்தச் சாலைக்கே ராஜா. நம் ஜில்லாவில் சாலியமங்கலம், குடவாசல் ரூட்டுக்கான பர்மிட் வழக்கு ஒன்று 1956-இல் டெல்லி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. படித்ததும் மலைத்துப்போனேன். இரண்டு பக்கமும் வயல், நடுவில் ஒற்றைச் சாலை, அதற்கு டெல்லி வரை வக்கீல்!

அப்புறம் 1972. அந்த வருஷம் மார்ச்சில் கும்பகோணத்தைத் தலைமையிடமாக வைத்து சோழன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. அதுவரை டெல்டா முழுக்கப் பேர் போட்டிருந்த இராமன் அண்ட் இராமன் என்ற தனியார் கம்பெனியின் வண்டிகள் அரசாங்க வண்டிகளாயின. நாம் அப்போது ஏழாவது. 1997-இல் எல்லாக் கழகங்களிலும் தலைவர்கள், மன்னர்கள் பெயரை எடுத்தபோது சோழனும் போய்விட்டது. ஆனால் என் மாமியார் கடைசி வரைக்கும் "சோழன் வந்துட்டானா பாரு" என்றுதான் கேட்டார்.

இதெல்லாம் காகிதத்தில் இருக்கும் வரலாறு. எங்கும் எழுதி வைக்காதது ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் நீ வேண்டும்.

கண்டியூர் முக்கத்தோடு நின்ற வண்டி, நாம் ஒன்பதாவது படிக்கும்போது நம் ஊருக்குள் வந்தது. மாரியம்மன் கோயில் முன்னால் மாவிலை கட்டி, சூடம் காட்டி, உன் அப்பாதான் முன் சக்கரத்துக்குத் தேங்காய் உடைத்தார். அதைவிடப் பெரிய விஷயம் நைட் ஹால்ட். கடைசி வண்டி நம் ஊரிலேயே தங்கி, விடியலில் முதல் சிங்கிளாக, அதாவது அன்றைய முதல் நடையாகக் கிளம்பும். டிரைவரும் கண்டக்டரும் கோயில் மண்டபத்தில்தான் படுப்பார்கள். உங்கள் வீட்டிலிருந்து ஒரு நாள் குழம்பு போகும், எங்கள் வீட்டிலிருந்து ஒரு நாள் போகும். நினைவிருக்கிறதா, கண்டக்டர் அண்ணன் பணப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குவார். காலையில் விசிலை வாய்க்கால் தண்ணீரில் கழுவி, முண்டாசுத் துணியில் துடைத்து, அப்புறம்தான் கழுத்தில் மாட்டுவார்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் பெண்கள் கல்லூரிக்குப் போவதா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் பெரிய பஞ்சாயத்து நடந்தது. பெரியப்பா ஒரே பிடியாக வேண்டாம் என்றார். அப்பா அதிகம் பேசவில்லை. "அந்தப் பையன் நம்ம வீட்டுச் சோறு சாப்பிடுறவன். அவன் வண்டியில போயிட்டு வரட்டும்" என்றார். அவ்வளவுதான், முடிந்தது பேச்சு. ஊரில் ராத்தங்கும் வண்டியாக இல்லாமல், எங்கிருந்தோ வந்து போகிற வண்டியாக இருந்திருந்தால் அப்பா அப்படிச் சொல்லியிருப்பாரா என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். சொல்லியிருக்க மாட்டார். நமக்கு முன்னால் நம் தெருவில் ஒரு பெண்கூடக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. நமக்குப் பின்னால் போகாத வீடு குறைவு. எழுதப்போகும் கட்டுரையில் இதை முதல் வரியாகவே வைக்கப்போகிறேன்.

1977 நவம்பர்ப் புயலையும் எழுத வேண்டும். நாகப்பட்டினம் பக்கம் கரையேறி நம் ஜில்லாவையே புரட்டிப்போட்டதே, அது. சாலை நெடுகப் புளியமரம் சாய்ந்து வண்டி நின்றுபோனது. ஊரே ஊமையான மாதிரி இருந்தது. பிறகு ஒரு சாயங்காலம் ஹாரன் சத்தம் கேட்டதும், அடுப்பில் உலையை அப்படியே விட்டுவிட்டு அம்மா வாசலுக்கு ஓடினாள். வண்டியின் மேலே அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் டின். கண்டக்டர் அண்ணன் படியில் தொங்கிக்கொண்டு, "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.

திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக் கூட்டம், ஏழூர்த் திருவிழாவுக்கு வண்டியை நிறுத்திப் பல்லக்குக்கு வழி விடுவது, இதெல்லாம் உனக்கே தெரியும். தை மாதத்தில் ஒரு தவில்காரர் தவிலை மேலே ஏற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக மடியில் வைத்துக்கொண்டு, அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்தாரே, அதை மட்டும் கண்டிப்பாகச் சேர்ப்பேன்.

இப்போது நடக்கிற கதைக்கும் இடம் வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கோவையில் நீயும் அப்படித்தான் போய் வருவாய். இங்கே அது என்ன செய்தது தெரியுமா? நமக்குக் கீரை கொடுக்கிற ஆயா இருக்கிறதே, அது அந்தக் காலத்திலிருந்தே பள்ளியக்கிரகாரத்திலேயே இறங்கிவிடும். அடுத்த ஸ்டேஜுக்குக் காசு கூட என்று, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வெண்ணாற்றுப் பாலம் தாண்டிக் கரந்தை வரைக்கும் நடக்கும். போன மாதம் பார்த்தேன், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, கூடையைக் காலடியில் வைத்து, பூஜ்யம் போட்ட டிக்கெட்டை நான்காக மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டது. "காசில்லாத டிக்கெட்தானே, எதுக்கு ஆயா பத்திரம்?" என்றேன். "எம் பேர்ல குடுத்த சீட்டும்மா" என்றது.

நைட் ஹால்ட் இப்போது கிடையாது. முதல் வண்டி டவுனிலிருந்து வந்துதான் திரும்புகிறது. திரும்பவும் ஊரில் தங்க வைக்கச் சொல்லி ஐம்பது பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறோம். 2025 ஜூன் 16-ஆம் தேதி தஞ்சாவூரில்தான் புது மினி பஸ் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். அதில் நம் உள் தெருக்கள் வருமா என்றும் கேட்டிருக்கிறோம். விட மாட்டேன்.

சரி, உனக்கு இரண்டு வேலை. ஊருக்குள் முதல் வண்டி வந்த தேதியை உன் அண்ணனிடம் கேள். உங்கள் அப்பா எல்லாவற்றையும் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் எழுதி வைப்பார், அந்தப் பஞ்சாங்கங்கள் பரணில்தான் இருக்கும். உன் பழைய காலேஜ் பஸ் பாஸ், இரட்டைப் பின்னலோடு போட்டோ ஒட்டியது, இன்னும் இருந்தால் அதை ஒரு படம் எடுத்து அனுப்பு.

ஐப்பசியில் வருவதாக எழுதியிருக்கிறாய். கார் ஏற்பாடு செய்கிறேன் என்று உன் மகன் சொல்வான், கேட்காதே. பழைய பஸ் ஸ்டாண்டை இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள், உனக்கு இடம் புரியாது. நான் அங்கே வந்து நிற்கிறேன். சாயங்கால வண்டியில் இடது பக்க ஜன்னலைப் பிடித்துவிடலாம்.

உன் அன்புத் தோழி