காவலர்களின் மனபாரத்துக்கு யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சில வெளிநாடுகளில் காவலர்களுக்குத் துணையாகப் போதகர்களை நியமிக்கிறார்கள். குன்னூரில் என் கணவர் தலைமைக் காவலராக இருந்தபோது, போதகர் ஐயா ஒருவர் எந்தப் பதவியும் இல்லாமலே போலீஸ் லைனுக்கு வருவார். பர்லியார் பக்கம் விபத்தில் சடலங்களைத் தூக்கிவிட்டு வந்தவர்கள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். ஐயா வேதாகமத்தைத் திறக்கமாட்டார். வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்துவிட்டு அவரும் உட்காருவார். அப்புறம் பேச்சு தானாக வரும். (அவர் வீட்டம்மாதான் பாவம், கிறிஸ்துமஸ் அன்றும் தனியாகச் சாப்பிடுவார்.)

ராணுவத்தில் இதற்கென்றே சம்பளத்துக்கு மத போதகர்கள் உண்டு. காவலர்களுக்கு, பணியில் உயிர்நீத்தவர்களை நினைத்து அக்டோபர் 21 அன்று செலுத்தும் வீரவணக்கம் மட்டும் போதுமா? எந்த மதமானாலும் சரி, ஓய்வுபெற்ற காவலரானாலும் சரி, காவல் உட்கோட்டத்துக்கு ஒருவரையாவது அரசு நியமிக்கட்டும்.

– ஓய்வுபெற்ற தலைமைக் காவலரின் மனைவி, குன்னூர்