முதல் நாலு வகுப்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கால் வலி தேவலை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. கூட வேலை பார்க்கும் பெண்கள் எல்கேஜியிலிருந்தே இங்கிலீஷில் படித்தவர்கள், மீட்டிங்கில் அவர்கள் மளமளவென்று பேசும்போது உனக்கு வாயே திறக்க வரவில்லை என்றாய். "என் ஆரம்பமே சரியில்லம்மா" என்றாய். போனில் பதில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். உன் முதல் நாலு வகுப்பை உன்னைவிட நான்தான் நன்றாகப் பார்த்திருக்கிறேன். நீ வகுப்புக்குள் இருந்தாய். நான் எதிரே சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்தேன்.

2009 ஜூனில் உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது செயல்வழிக் கற்றல் நம் பள்ளிக்கு வந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளிக்காரர்கள் சுற்றுவட்டக் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உண்டாக்கிய முறை அது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்க ஒன்றிலிருந்து நாலாம் வகுப்புவரை கொண்டுவந்தார்கள். வட்டார வள மையத்தில் பயிற்சிக்குப் போய்வந்த டீச்சர், பெஞ்சையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்தார். சுவரில் உங்கள் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, ஆளுக்கு ஒரு கட்டம் பிரித்துக் கொடுத்தார்கள். தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி, நீங்கள் வரைந்ததையும் எழுதியதையும் அதில் தொங்கவிட்டார்கள். சுவரில் ஏணிப்படி அட்டவணை. யானை, முயல் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னம். எந்தப் படியில் நிற்கிறாயோ அந்தச் சின்னம் போட்ட அட்டையை நீயே ட்ரேயிலிருந்து எடுத்துவர வேண்டும், அது டீச்சரோடு செய்வதா, கூட்டாளியோடு செய்வதா, தனியாகச் செய்வதா என்று பார்த்து அந்தக் குழுவில் போய் உட்கார வேண்டும்.

ஊரில் பலருக்கு இது பிடிக்கவில்லை. நோட்டு இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து விளையாடுகின்றன என்று சொல்லி மெட்ரிக் பள்ளி வேனில் ஏற்றி அனுப்பினார்கள். எனக்கும் அனுப்ப ஆசைதான், கையில் காசு இல்லை. ஆனால் தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்ததில், கொஞ்ச நாளில் அந்த ஆசை விட்டுப்போயிற்று.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன், உனக்கு நினைவிருக்காது. அப்போது வாரம் ஐந்து முட்டை வந்துவிட்டது. காலையில் வருகைக் கணக்கைச் சொல்ல நீதான் ஓடிவருவாய். சொல்லிவிட்டுப் போகமாட்டாய், முப்பது முப்பதாக அடுக்கியிருக்கும் முட்டை ட்ரே பக்கத்தில் நின்று, எத்தனை முழு ட்ரே, மேலே எத்தனை என்று நீயே எண்ணி எடுத்து வைப்பாய். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு முட்டை குறைந்தது. நான் எடுத்துக் கொடுத்திருப்பேன், அதற்குள் நீ வகுப்புக்கு ஓடினாய். பிள்ளைகள் தாங்களே டிக் அடிக்கும் வருகைப் பதிவுத் தாளில் ஒவ்வொரு பெயராக விரல் வைத்து, அந்தப் பிள்ளை வரிசையில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து வந்தாய். ஒரு பையன் தன் கட்டத்தை விட்டுவிட்டு, ஏற்கெனவே டிக் இருந்த பக்கத்துப் பெயரின் மேலேயே டிக் போட்டிருந்தான். அதைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் தட்டு முன்னால் உட்கார்ந்தாய். அப்போது நீ மூன்றாம் வகுப்பு. யாரும் உன்னைப் பார்க்கச் சொல்லவில்லை, யாரும் பாராட்டவும் இல்லை.

இப்போது ஒரகடத்தில் கம்பெனியில் டெஸ்டிங் லைனில் நிற்கிறாய். எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு ஒன்று ஃபெயில் ஆனால் ஒவ்வொரு பாயிண்டாகப் பின்னோக்கிப் போய்ப் பார்ப்பேன், காரணம் தெரியாமல் அடுத்ததைத் தொடமாட்டேன் என்று போன மாதம் நீயே சொன்னாய். அதைக் கேட்டபோது எனக்கு அந்த வருகைத் தாள்தான் ஞாபகம் வந்தது. அந்த வேலையை உனக்குக் காலேஜ் சொல்லிக்கொடுத்தது என்று நீ நினைக்கிறாய். கருவியைப் பிடிக்கக் காலேஜ் சொல்லிக்கொடுத்தது. நின்று பார்க்கிற புத்தி அந்தப் பாயில் வந்தது.

2011-ல், எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் என்கிற சமச்சீர் கல்வி வழக்கு நடந்ததே, ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை புத்தகம் கைக்கு வராமல் ஊரெல்லாம் பிள்ளைகள் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள். நீ உன் பாட்டுக்கு அட்டையை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாய்.

குறையே இல்லை என்று சொல்ல நான் எழுதவில்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர். ஒருவர் பயிற்சிக்கோ ஆபீசுக்கோ போனால் மற்றவர் அத்தனை பேரையும் கட்டி மேய்க்க வேண்டும். இங்கிலீஷ் அட்டைகள் இருந்தன, அந்தப் பாஷையை வாயால் பேசிக் காட்டத்தான் ஆள் இல்லை. நீ மனம் நொந்து சொன்னதில் அந்தப் பாதி உண்மை, அதை நான் மறுக்கமாட்டேன். அது உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது, கிடைக்கவில்லை. ஆறாம் வகுப்புக்கு ஹைஸ்கூல் போனதும் நீண்ட பதில் எழுத வராமல் காலாண்டுத் தேர்வில் தடுமாறி, ராத்திரியெல்லாம் அழுதாய். அதுவும் அந்த நாலு வருஷத்தின் குறைதான். எழுத்துப் பயிற்சி போதவில்லை.

ஆனால் அடுத்து வந்ததை எண்ணிப் பார். 2021-ல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வையே ரத்து செய்து, பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன் மதிப்பெண்ணையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு பரீட்சைக்காக மட்டும் படித்த பிள்ளைகள் திண்டாடின. நீ எல்லா வருஷமும் ஒரே மாதிரி படித்தவள், உனக்கு அது இடிக்கவில்லை. அந்த வருஷம்தான் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியலிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. கல்விக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாம் அரசே கட்டியது. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் ஈசிஈ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் படிப்பு, கிடைத்தது. ஆறிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்ததுதான் உனக்கு அந்த வாசலைத் திறந்தது. காசு இருந்து நானும் உன்னை வேனில் ஏற்றியிருந்தால் நீ எங்கே இருந்திருப்பாய் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முதல் செமஸ்டரில் எல்லாம் இங்கிலீஷ், ஒன்றும் புரியவில்லை, திரும்பி வந்துவிடுகிறேன் என்றாய். நானும் அப்பாவும் பர்கூருக்குப் பார்க்க வந்தோம். உன் கட்டில் பக்கத்துச் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அட்டை. ஒவ்வொரு யூனிட்டையும் துண்டு துண்டாகப் பிரித்து, இங்கிலீஷ் வார்த்தைக்குப் பக்கத்தில் தமிழில் பொருள் எழுதி, முடித்ததற்கு டிக் போட்டிருந்தாய். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. இந்தப் பிள்ளை திரும்பி வராது என்று பஸ்ஸிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண்களோடு உன்னை ஒப்பிட்டுப் பார்ப்பதானால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார், கண்ணு. பேச்சில் அவர்கள் முன்னால் இருக்கிறார்கள். அதை இருபத்திரண்டு வயதில் பழகிக்கொள்ளலாம். மீட்டிங்குக்கு முந்தின ராத்திரி, சொல்லப்போவதை நாலு வரி எழுதி, உரக்கப் படித்துவிட்டுப் போ. தப்பு வந்தாலும் முதல் ஆளாகப் பேசிவிடு, கடைசிவரை காத்திருந்தால் பயம்தான் கூடும். யார் சிரித்தாலும், அன்றைய ஃபெயில் எங்கே என்று கண்டுபிடித்தவள் நீ என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு விஷயம். இப்போது நம் பள்ளியில் அந்த ஏணி அட்டைகள் இல்லை, எண்ணும் எழுத்தும் என்று வேறு முறை நடக்கிறது. பிள்ளைகள் நன்றாகத்தான் வாசிக்கிறார்கள், ஆனால் இங்கிலீஷ் பேசிக் கேட்க இன்னும் அவர்களுக்கு ஆள் இல்லை. அடுத்த முறை வரும்போது ஒரு வேலை நாளையும் சேர்த்து லீவு போட்டு வா. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு அரை நாள் உட்கார்ந்து பேசு, உன் வேலையைப் பற்றியே பேசு. தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். தேதியை முன்னாலேயே சொல். பழைய போர்டு ஒன்று எடுத்துவர உங்கள் ஆபீசில் விடுவார்களா என்றும் கேட்டுப் பார்.

அன்புடன்,
அம்மா